பெண்கள் செஸ் ஒலிம்பியாடில் ‘டிரா’ வந்தால் அதை எப்படிப் படிப்பது? புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு

2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் 45-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, பெண்கள் பிரிவின் பத்தாவது சுற்றில் இந்தியா சீனாவோடு மோதியது. நாலு போர்டில் மூன்று டிரா. ஒன்றில் மட்டும் திவ்யா தேஷ்முக் சீனாவின் நி ஷிகுனை ஜெயித்தார். முடிவு 2.5–1.5. அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்ட செய்தி இது: “ஒரு பொண்ணுதான் ஜெயிச்சிருக்கு, மத்த மூணு பேரும் டிராவுக்கு ஒத்துக்கிட்டாங்களே, ஏன்பா?” அவர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர், வருத்தம் உண்மையான வருத்தம். போன் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். அந்த மூன்று டிராவும் சேர்ந்துதான் அன்றைய வெற்றி என்று புரிந்ததும் அடுத்த நாள் கடைசிச் சுற்றை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் போகப்போக வந்துவிடும்.

முதல் படி: கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு அணியிலும் ஐந்து பேர். ஒரு சுற்றில் நாலு பேர் ஆடுவார்கள், ஒருவர் வெளியே உட்காருவார். யாரை உட்கார வைப்பது என்பது கேப்டன் கையில். நாலு போர்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும். ஜெயித்தால் 1, டிரா என்றால் இருவருக்கும் அரை, தோற்றால் 0. நாலு போர்டின் புள்ளியையும் கூட்டினால் மேட்ச் முடிவு கிடைக்கும்: 2.5–1.5, 3–1, 2–2 என்று.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். மேட்சை எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அணிக்குக் கிடைப்பது 2 மேட்ச் புள்ளிதான். 4–0 என்றாலும் 2, 2.5–1.5 என்றாலும் 2. மேட்ச் 2–2 என்று முடிந்தால் ஆளுக்கு 1. தோற்றால் ஒன்றும் இல்லை. மொத்தம் 11 சுற்று, ஆக அதிகபட்சம் 22 மேட்ச் புள்ளி. பட்டியலில் முதலில் பார்க்கப்படுவது இதுதான். முன்பெல்லாம் போர்டு புள்ளியைக் கூட்டித்தான் பதக்கம் கொடுத்தார்கள், 2008-ல் டிரெஸ்டனில் நடந்த ஒலிம்பியாடிலிருந்துதான் மேட்ச் புள்ளி முன்னுக்கு வந்தது. பெண்கள் பிரிவில் மூன்று போர்டு நாலு போர்டானதும் அதே டிரெஸ்டனில்தான்.

இந்த ஒரு மாற்றத்தால் டிராவின் மதிப்பே மாறிப்போனது. போர்டு புள்ளிதான் எல்லாம் என்று இருந்தால் பலவீனமான அணியை 4–0 என்று அடிப்பதும் லாபம், டிரா ஒவ்வொன்றும் கொஞ்சம் நஷ்டம். மேட்ச் புள்ளி என்று வந்த பிறகு, எங்கேயாவது ஒரு போர்டில் ஜெயித்துவிட்டு மற்ற மூன்றிலும் தோற்காமல் இருந்தால் முழு 2 புள்ளியும் கையில். சீனாவோடு நடந்தது அச்சு அசல் அதுதான்.

இரண்டாம் படி: நேரலையைத் திறந்ததும் போர்டுக்குள் போய்விடாதீர்கள்

நேரலைப் பக்கத்தைத் திறந்தால் நாலு சின்னச் சதுரம் தெரியும். உடனே பிடித்த ஆட்டக்காரரின் போர்டைத் தட்டி உள்ளே போய்விடுவோம், எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. போகாதீர்கள். முதலில் வெளியே நின்று மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, நிறம். ஒரு அணிக்கு 1, 3 போர்டுகளில் வெள்ளை என்றால் 2, 4 போர்டுகளில் கறுப்பு. எதிரணிக்கு நேர்மாறாக. உயர்ந்த மட்டத்தில் கறுப்புக் காயோடு ஆடி டிரா வாங்குவது நல்ல வேலை, வெள்ளையோடு டிரா என்றால் சில சமயம் “இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமோ” என்று தோன்றும். இரண்டு, ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண். தன்னைவிட 100 புள்ளி அதிகம் உள்ளவரிடம் எடுத்த அரைப் புள்ளியையும், 100 புள்ளி குறைந்தவரிடம் விட்டுக்கொடுத்த அரைப் புள்ளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மூன்று, கடிகாரம். ஒலிம்பியாடில் 2022-லும் 2024-லும் முதல் 40 மூவுக்கு 90 நிமிடம், அப்புறம் 30 நிமிடம், முதல் மூவிலிருந்தே ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி சேரும். 60 மூவ் போகிற ஆட்டம் ஐந்து மணி நேரம் வரை இழுக்கலாம் என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். நாலாவது மணி நேரத்தில் ஒருவர் டிராவுக்கு ஒத்துக்கொண்டால் அவர் எத்தனை விநாடி மிச்சத்தோடு உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள், பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

திரையோரத்தில் இருக்கும் கணினி மதிப்பீட்டுப் பட்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது “வெள்ளைக்குச் சாதகம்” என்று காட்டும்போது டிரா ஆனால் “ஜெயிக்க வேண்டியதை விட்டுட்டாங்க” என்று கமெண்ட் எழுதுபவர்கள் நிறைய. அந்தச் சாதகம் பதினைந்து மூவ் துல்லியமாக ஆடினால்தான் கைக்கு வரும் என்றால், கடிகாரத்தில் இரண்டு நிமிடத்தோடு இருக்கிற மனுஷிக்கு அது சாதகமே இல்லை. ஆரம்பத்தில் அந்தப் பட்டையை மறைத்துவிட்டே பாருங்கள்.

மூன்றாம் படி: டிரா எந்த வழியில் வந்தது என்று கண்டுபிடியுங்கள்

முடிவுப் பட்டியலில் ஆளுக்கு அரை என்றுதான் இருக்கும். எப்படி வந்தது என்று இருக்காது. வழிகள் பல.

பேசி முடித்த டிராதான் எல்லோருக்கும் தெரிந்தது. இதற்கு ஒரு முறை உண்டு: முதலில் காயை நகர்த்த வேண்டும், அப்புறம் டிரா கேட்க வேண்டும், அதன் பிறகே கடிகாரத்தை அமுக்க வேண்டும். கேட்டதை இருவரும் ஸ்கோர் ஷீட்டில் (ஒவ்வொரு மூவையும் எழுதிவைக்கும் தாள்) அடைப்புக்குறிக்குள் ஒரு சமக்குறி போட்டுக் குறித்துக்கொள்வார்கள். கேட்ட பிறகு வாபஸ் வாங்க முடியாது. எதிரே இருப்பவர் வாயால் மறுக்கலாம், அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாக அர்த்தம். நேரலையில் கவனியுங்கள், டிரா கேட்ட பிறகு எதிராளி இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு யோசிப்பார். தெரியாமல்கூட ஒரு காயைத் தொட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. பல அணிப் போட்டிகளில் 30 மூவுக்கு முன் டிரா கேட்கவே கூடாது என்ற விதியும் இருக்கும், அதனால் நீங்கள் பார்க்கும் போட்டியின் விதிமுறையை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அப்படி விதி இருந்தும் 20-வது மூவிலேயே டிரா ஆகிறதே என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மூன்று முறை வந்த நிலை. ஒரே நிலை, அதே ஆளின் முறை, மூன்றாவது தடவை வந்தால் டிரா கோரலாம். அந்த மூன்று தடவையும் அடுத்தடுத்து வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இடையில் வேறு மூவ் வந்தாலும் கணக்கில் சேரும். விடாமல் செக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்குத் தனி விதி கிடையாது, அது கடைசியில் இந்த விதியில்தான் போய் முடியும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஆடுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அதை நேரில் பார்த்துத்தான் கற்றேன். என் அக்கா மகள் கல்லூரி அணிக்காக நாலாவது போர்டில் ஆடிக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று போர்டும் முடிந்து அணி 2–1 என்று முன்னால் இருந்தது. அவளிடம் ஒரு யானை குறைவு, ஆனால் ராணியை வைத்து இரண்டு கட்டங்களில் மாறி மாறிச் செக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிராளியின் ராஜாவுக்கு ஒளிய இடம் இல்லை. அரைப் புள்ளி கிடைத்தால் 2.5–1.5, மேட்ச் கையில். மூன்றாவது தடவை அதே நிலை வரப்போகிறது என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் ராணியை நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கி, அதற்கப்புறம் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் வந்து பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “நீ ஆடி முடிச்சிட்டம்மா. இப்ப உன் முறை இல்லை. கோர முடியாது.” நகர்த்தப் போகும் மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல் நடுவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதே செக்குகளைத் தொடர்ந்திருந்தால் அந்த நிலை அடுத்த தடவை வரும்போது முறையாகக் கோரியிருக்கலாம். ஆனால் பதறிப்போய் வேறு ஒரு கட்டத்திலிருந்து செக் கொடுத்தாள், ராஜா தப்பித்தது, பத்து மூவில் ஆட்டம் போனது. மேட்ச் 2–2. அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது அவள் பேசவே இல்லை. அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து விதிப் புத்தகத்தில் அந்தப் பகுதியை வரி வரியாகப் படித்தோம்.

கோரிக்கை தப்பாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், எழுதிய மூவையே ஆட வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. ஆகவே கோருவதற்குப் பயப்பட வேண்டாம். யாருமே கோராமல் அதே நிலை ஐந்து தடவை வந்துவிட்டால் ஆட்டம் தானாகவே டிரா.

ஐம்பது மூவ் விதியும் இதே மாதிரிதான். சிப்பாய் எதுவும் நகராமல், காய் எதுவும் வெட்டப்படாமல் இரு பக்கமும் ஐம்பது ஐம்பது மூவ் ஆடியிருந்தால் கோரலாம். எழுபத்தைந்து ஆகிவிட்டால் தானாகவே டிரா. யானையும் மந்திரியும் ஒரு பக்கம், யானை மட்டும் மறுபக்கம் என்று மிஞ்சும் ஆட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒருவர் விடாமல் துரத்துவார், மற்றவர் ஒவ்வொரு மூவாக எண்ணிக்கொண்டே பிடித்து நிற்பார். அப்படி நின்று எடுத்த அரைப் புள்ளி எனக்கு எந்த வெற்றிக்கும் குறைந்ததில்லை.

மிச்ச வழிகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் நகர்த்த ஒரு மூவும் இல்லை. காய் போதாமை: ராஜாவோடு ஒரே ஒரு குதிரை, அல்லது ஒரே ஒரு மந்திரி, எதிரே வெறும் ராஜா என்றால் யாராலும் மேட் பண்ண முடியாது. நேரம் தீர்ந்தும் டிரா: கடிகாரம் விழுந்தவர் தோற்க வேண்டியவர்தான், ஆனால் எதிராளியிடம் வெறும் ராஜா மட்டுமே இருந்தால் ஆளுக்கு அரை.

ஆட்டம் டிரா என்று முடிந்ததும் இருவரும் கைகொடுத்து, ஸ்கோர் ஷீட்டுகளில் கையெழுத்துப் போட்டு, இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுக்கட்டங்களில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நேரலையில் திடீரென்று இரண்டு ராஜாக்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து “இது என்ன மூவ்?” என்று குழம்ப வேண்டாம். மின்னணுப் பலகைக்கு முடிவைச் சொல்லும் வழி அது.

நாலாம் படி: கேப்டனைப் பாருங்கள்

தனிநபர் போட்டிக்கும் அணிப் போட்டிக்கும் பெரிய வித்தியாசம் இதில்தான். அணிக்கு ஒரு கேப்டன் உண்டு, அவர் ஆட வேண்டும் என்பதில்லை. புடாபெஸ்டில் இந்தியப் பெண்கள் அணிக்கு கிராண்ட்மாஸ்டர் அபிஜித் குண்டே கேப்டன். ஆடுகிற ஐந்து பேர்: ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா அகர்வால், தானியா சச்தேவ்.

ஒருவருக்கு எதிராளி டிரா கேட்டால், அவர் கேப்டனிடம் “ஒத்துக்கலாமா?” என்று கேட்கலாம். கேப்டன் “சரி” சொல்லலாம், “வேண்டாம்” சொல்லலாம், “நீயே முடிவு பண்ணு” என்று விடலாம். அவ்வளவுதான் பேசலாம். “உன் குதிரை நல்லா இருக்கு, தொடர்ந்து ஆடு” என்றெல்லாம் சொல்லக் கூடாது. பலகையில் என்ன நிலை என்பதைப் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது, மேட்ச் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் பதில். அதுவும் நடுவர் காதில் விழும்படி, அவருக்குப் புரியும் மொழியில். வேறு யாரிடமும் போய் விசாரித்துவிட்டு வந்து பதில் சொல்லவும் கூடாது.

ஆக கேப்டனின் ஒரே ஒரு “சரி”க்குள் நாலு போர்டின் கணக்கும் இருக்கிறது. மூன்றாவது போர்டில் நம் ஆள் கையில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும்போதுகூட கேப்டன் “சரி, ஒத்துக்கோ” என்று சொல்வதை நீங்கள் பார்க்கலாம். கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். பக்கத்துப் போர்டில் வெற்றி உறுதி என்று அவர் கண்ணில் பட்டிருக்கும், அந்தக் கணத்தில் இந்த அரைப் புள்ளி மேட்சைப் பூட்டி வைக்கும் பூட்டு. ஆனால் ஒன்று, டிரா கேட்கவோ ஒத்துக்கொள்ளவோ கேப்டனின் அனுமதி கட்டாயம் கிடையாது. கடைசி முடிவு ஆடுகிறவருடையது. அந்தச் சுமை அவர் தோளில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாமல் பாருங்கள்.

ஐந்தாம் படி: அரைப் புள்ளி வந்த நேரத்தில் மேட்ச் எங்கே இருந்தது?

முழுக் கட்டுரையில் இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூன்று போர்டு முடிந்து ஒன்று மட்டும் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். யானையும் நாலு சிப்பாயும் ஒரு பக்கம், யானையும் மூன்று சிப்பாயும் மறுபக்கம், எல்லாச் சிப்பாயும் பலகையின் ஒரே ஓரத்தில். செஸ் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முடிவாட்டம், சரியாகக் காத்தால் டிரா. ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ளவர் நம் ஆள்.

மேட்ச் 2–1 என்று நாம் முன்னால் இருந்தால் அவர் உடனே டிரா கொடுத்துவிடலாம். 2.5–1.5, வேலை முடிந்தது. இன்னும் ஜெயிக்க முயன்று எங்கேயாவது சறுக்கினால் 2–2 ஆகிவிடும், அதற்கு என்ன அவசியம்? மேட்ச் 1.5–1.5 என்று இருந்தால் கதையே வேறு. டிரா என்றால் 2–2, ஆளுக்கு ஒரு புள்ளி. தனக்கு ஆபத்து இல்லாத நிலை என்பதால் அவர் நாற்பது மூவ் வேண்டுமானாலும் இழுப்பார், இழுக்கத்தான் வேண்டும். எதிராளி களைத்துப்போய் ஒரே ஒரு தப்பு பண்ணினால் போதும். இதே நேரலையில் “டிரா நிலைதானே, ஏன் இழுக்கிறாங்க?” என்று கேட்பவர்கள் மேட்ச் கணக்கைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மேட்ச் 1–2 என்று நாம் பின்னால் இருந்தால் டிரா என்பது அணிக்குத் தோல்வி. அப்போது எதிராளி டிரா கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார், பலகையில் இல்லாத சிக்கலைக்கூட உண்டாக்கப் பார்ப்பார், அதில் சில சமயம் தோற்றும் போவார். 1–3 ஆனாலும் 1.5–2.5 ஆனாலும் மேட்ச் புள்ளி பூஜ்யம்தான் என்பதால் அந்த ரிஸ்க் நியாயமானது. அப்படித் தோற்றவரை யாராவது திட்டினால் எனக்குக் கோபம் வரும். அணிக்காகத் தன் அரைப் புள்ளியையும் ரேட்டிங்கையும் பணயம் வைத்தவர் அவர்.

பாருங்கள், பலகை ஒன்று, காய்கள் ஒன்று, ஆளும் ஒன்று. மூன்று விதமாக ஆட வேண்டியிருக்கிறது.

ஆறாம் படி: புடாபெஸ்டின் கடைசிச் சுற்றுகளைச் சேர்த்துப் படித்துப் பழகுங்கள்

இந்தியப் பெண்கள் முதல் ஏழு சுற்றையும் ஜெயித்து 14 புள்ளி எடுத்திருந்தார்கள். எட்டாவது சுற்றில் போலந்திடம் 1.5–2.5 என்று தோற்றார்கள். அரைப் புள்ளி எங்கேயாவது கூடுதலாக வந்திருந்தால் 2–2.

ஒன்பதாவது சுற்று அமெரிக்காவோடு. இந்தியா ஒரு போர்டில் தோற்றுவிட்டது. இரண்டு போர்டு டிரா. வந்திகா அகர்வால் அனுபவசாலியான ஐரினா கிரஷை ஜெயித்ததால் மேட்ச் 2–2 என்று நின்றது. இந்த மேட்சில் எல்லோரும் வந்திகாவின் வெற்றியைத்தான் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு டிராவில் ஒன்று தோல்வியாகியிருந்தால் அவர் ஜெயித்தும் மேட்ச் போயிருக்கும். 15 புள்ளி.

பத்தாவது சுற்றுதான் முதலில் சொன்ன சீனா, மூன்று டிரா, திவ்யாவின் ஒரு வெற்றி. 17 புள்ளி.

கடைசிச் சுற்றுக்குப் போகும்போது இந்தியாவும் கஜகஸ்தானும் 17 புள்ளியோடு சமமாக இருந்தன. இந்தியா அஜர்பைஜானை 3.5–0.5 என்று அடித்தது: ஹரிகா, திவ்யா, வந்திகா மூவரும் ஜெயிக்க, நம்ம சென்னை வைஷாலி டிரா. அந்தப் பக்கம் கஜகஸ்தான் அமெரிக்காவோடு 2–2. ஆகவே இந்தியா 19, கஜகஸ்தான் 18, அமெரிக்கா 17. பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு முதல் தங்கம். கஜகஸ்தான் ஜெயித்திருந்தால் இருவருக்கும் 19 ஆகி, சமமான அணிகளில் யார் முன்னால் என்று பிரிக்கும் டைபிரேக் கணக்குக்குப் போயிருக்கும். அடுத்த மேசைகளில் யாரோ இரண்டு நாட்டுப் பெண்கள் சமன் செய்த மேட்சும் நம் தங்கத்தில் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் கடைசிச் சுற்றில் நம் மேட்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொரு ஜன்னலில் போட்டி அணியின் மேட்சும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஏழாம் படி: டைபிரேக்கை ரொம்ப யோசிக்க வேண்டாம், ஆனால் இருப்பது தெரியட்டும்

மேட்ச் புள்ளி சமமானால், நீங்கள் ஆடிய ஒவ்வொரு அணியும் எடுத்த மேட்ச் புள்ளியை, அந்த அணியிடம் நீங்கள் எடுத்த போர்டு புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். மிகக் குறைந்த புள்ளி எடுத்த எதிரணியை விட்டுவிடுவார்கள். அதாவது பலமான அணியிடம் எடுத்த அரைப் புள்ளிக்கு இங்கே கனம் அதிகம். கடைசிச் சுற்று முடியும்வரை எண் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இதன் அருமை 2022-ல் நம் மாமல்லபுரத்தில் தெரிந்தது. அந்த 44-வது ஒலிம்பியாடில் பெண்கள் பிரிவில் உக்ரைனும் ஜார்ஜியாவும் 18 புள்ளியோடு சமம், டைபிரேக்கில் உக்ரைனுக்குத் தங்கம். உக்ரைன் அந்தப் போட்டியில் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை, நாலு மேட்ச் சமன். அதில் ஒன்று எட்டாவது சுற்றில் இந்தியாவோடு ஆடிய 2–2. போட்டி தொடங்கும்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இந்தியா, கடைசிச் சுற்றுக்கு 17 புள்ளியோடு தனியாக முன்னால் போய், அமெரிக்காவிடம் 1–3 என்று தோற்று வெண்கலம் வாங்கியது. அன்று இன்னும் இரண்டு அரைப் புள்ளி வந்திருந்தால் 2–2, 18 புள்ளி, டைபிரேக்கில் போராடியிருக்கலாம். ஹரிகா நிறைமாதக் கர்ப்பத்தோடு பூஞ்சேரி அரங்கில் வந்து ஆடிய ஒலிம்பியாட் அது. அந்த வெண்கலமே பெண்கள் ஒலிம்பியாடில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாள் எடுத்து நாலு வரி போடுங்கள், போர்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் நிறம், இருவரின் ரேட்டிங். ஆட்டம் முடிய முடிய மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனையாவது மூவ், எந்த வழியில் டிரா, அப்போது மேட்ச் கணக்கு என்ன. கடைசி விஷயத்தை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், மற்றவற்றை அப்புறம்கூடத் தேடி எடுக்கலாம், இதை எடுப்பது கஷ்டம். ஏனென்றால் போர்டுகள் எந்த வரிசையில் முடிந்தன என்பதை முடிவுப் பட்டியல் காட்டாது.

நேரலை இப்போது எதுவும் இல்லையென்றால் புடாபெஸ்டின் பத்தாவது சுற்று இந்தியா–சீனா ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கும். மதிப்பீட்டுப் பட்டையை அணைத்துவிட்டு, டிரா ஆன மூன்று ஆட்டங்களை முதலில் ஒவ்வொரு மூவாக ஓட்டிப் பாருங்கள். இந்தியப் பெண் எங்கே சிரமப்பட்டார், எங்கே மூச்சு விட்டார், எந்த இடத்தில் எதிராளிக்கு இனி வழியில்லை என்று ஆனது என்று ஒவ்வொன்றிலும் ஒரு மூவைக் குறித்துக்கொள்ளுங்கள். திவ்யாவின் ஆட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.